மாதையன் தலைக்குள் போன தக்காளி கிரேட்

ஆய்வுக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு தோள்பை கொடுத்திருப்பார்கள். அதற்குள் அடையாள அட்டை, ரத்தக் குழாய்களுக்கான குளிர்பெட்டி, தடிமனான ஒரு கையேடு. கையேட்டை நான் குறை சொல்ல மாட்டேன். கையெழுத்து வாங்குவது எப்படி, எந்தக் குழாயில் எவ்வளவு ரத்தம், நடக்கச் சொல்லி வீடியோ எடுக்கும்போது கேமராவை எங்கே வைப்பது, எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் நீங்கள் பார்க்கப் போன மனிதர் "வாங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டே தன் வீட்டு வாசலில் ஒட்டிக்கொண்டு, வெளியே நீங்களும் உள்ளே அவர் மனைவியும் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரி கிடையாது. அந்த வரியை நான் எழுதித் தருகிறேன். கொஞ்சம் நீளமான வரி.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. பத்தாவது வரை படித்துவிட்டு அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரமாகத் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தவள். ஒரு நாள் ஆய்வுக் குழுவின் ஜீப் வழி கேட்டு என் கடை முன்னால் நின்றது. கை நடுங்குகிறவர்கள் இருக்கும் குடும்பங்களைத் தேடுகிறோம் என்றார்கள். சட்டை தைக்கிறவளுக்கு யார் கை நடுங்குகிறது என்று தெரியாதா? பித்தானுக்குப் பதில் கொக்கி வைக்கச் சொல்லி வந்தவர்களை வரிசையாகச் சொன்னேன். அன்றைக்கு வழிகாட்ட ஏறியவள் ஓய்வு பெறும் வரை இறங்கவில்லை. ரத்தம் எடுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். மீதியைச் சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்தும், தெரிந்தவர்களை நச்சரித்தும் கற்றுக்கொண்டேன். ஊர்களில் என் பெயர் ஊசிக்காரம்மா. தைக்கும்போதும் அதே பெயர்தான், ஊசி மட்டும் மாறிவிட்டது.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஜனங்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதி வைப்பேன். படிவத்தில் 'அறிகுறிகள்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் நீங்கள் 'நடை உறைதல்' என்று எழுதுவீர்கள். என்னிடம் ஒருவர் "தரை காலைப் புடிச்சிக்குதுங்க" என்றார், நான் அதையே எழுதினேன். பென்னாகரத்துப் பக்கம் கழுத்து ஒரு பக்கமாகவே திருகிக்கொள்ளும் ஓர் அம்மா, "என் கழுத்து எந்நேரமும் பக்கத்து வூட்டையே பாக்குது, அவ என்னாத்துக்கு எட்டிப் பாக்கறேன்னு சண்டைக்கு வர்றா" என்றார். அதையும் எழுதினேன். எங்கள் பெரிய டாக்டர் அந்தக் கட்டத்தைப் படித்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும், அந்த அம்மாவுக்கு மருந்தோடு சேர்த்து, 'இது நோய், வேவு பார்ப்பதல்ல' என்று பக்கத்து வீட்டுக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் ஆய்வகத்தில் வேலை செய்யும் பெண்ணிடம், "இவ்வளவு ரத்தம் கொண்டு வந்து கொட்டுகிறேனே, உள்ளே என்னதான் தேடுகிறீர்கள்?" என்று கேட்டேன். பொறுமையான பெண். ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னாள். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புரதங்கள் ஓர் இடத்தில் தயாராகி வேறொரு இடத்தில் வேலை செய்கின்றன. அவற்றைச் சின்னச் சின்னப் பைகளில் போட்டு அனுப்ப வேண்டும். சரக்கை வழிநடத்திக் கொண்டுபோய் விடுவதற்கென்றே சில புரதங்கள் உண்டு. இறக்கியதும் அவை வெறுங்கையோடு நிற்கும். அவற்றை மறுபடி கிளம்பின இடத்துக்கே திருப்பி அனுப்ப ஒரு கூட்டணி இருக்கிறது, ரெட்ரோமர் என்று பெயர். அது சுணங்கினால் அடுத்த சரக்கைக் கொண்டுபோக ஆள் இருக்காது. நரம்பு செல்களில் அப்படி நடந்தால், சிலருக்குக் கை நடுக்கமும் நடைத் தளர்ச்சியும் வரலாம்.

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று விளங்கியது. "அட, இது எங்க மாரண்டஹள்ளித் தக்காளி கிரேட் சமாச்சாரமாச்சே! மண்டிக்குச் சரக்கு ஏத்திக்கிட்டுப் போன பிளாஸ்டிக் கிரேட் காலியாத் திரும்பி வந்தாத்தான் மறுநாள் பறிப்பு. வரலைன்னா பழம் செடியிலேயே அழுகும். அதுதானே?"

அந்தப் பெண் பேனாவைக் கன்னத்தில் வைத்து யோசித்தாள். "கிட்டத்தட்ட" என்றாள்.

பஸ் ஏறும்போது எனக்குப் பறப்பது போல இருந்தது. பெரிய படிப்புப் படித்தவர்கள் தாள் தாளாக வரைவதை நான் ஒரு கிரேட்டில் அடக்கிவிட்டேனே! அந்தப் பெருமையில், அவள் சொன்னதில் இரண்டு வார்த்தைகள் பாலக்கோடு தாண்டுவதற்குள் என் கையிலிருந்து நழுவிவிட்டன. ஒன்று 'சிலருக்கு'. இன்னொன்று 'கிட்டத்தட்ட'.

அப்படி ஏறிப் போய் இறங்கியது மாதையன் வீட்டில். மாரண்டஹள்ளிக்கு வெளியே தக்காளித் தோட்டம், தோட்டத்து நடுவிலேயே வீடு. மாதையனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வலது கை நடுக்கம், நடையில் தயக்கம். அவருடைய அப்பாவுக்கும் இருந்ததாம், அதனால்தான் எங்கள் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. மாத்திரை சாப்பிட ஆரம்பித்து ஓரளவு நன்றாகவே இருந்தார். அவர் மனைவி சாலம்மா, வாயைத் திறந்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். "இவரு கை நடுங்கறதுல ஒரு நல்லது உண்டுக்கா. பறிச்ச பழத்தைச் சலிக்கத் தனியா ஆள் வேணாம்" என்றாள். மாதையனும் சேர்ந்து சிரித்தார்.

நான் என் கிரேட் கதையை எடுத்து விட்டேன். ஐயா, அந்த வரவேற்பை என்ன சொல்ல! பறித்துக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மாதையன் முகம் மலர்ந்துபோயிற்று.

"அப்ப என் தலைக்குள்ள சரக்கு போவுது, காலி கிரேட்டு திரும்பி வர்றதில்ல. அப்படித்தானுங்களே?"

"அதேதானுங்க!" என்றேன். கிட்டத்தட்ட என்று சொல்லவில்லை. உங்களுக்கு அந்தக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த ரத்தமே, அது சிலருக்குத்தான் இருக்கும், என்றும் சொல்லவில்லை. கையெழுத்தையும் ரத்தத்தையும் வாங்கிக்கொண்டு, ஒரு பை தக்காளியோடு பஸ் ஏறினேன். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் எதையும் விளக்கியதில்லை என்று நினைத்தேன். அது உண்மைதான். அவ்வளவு நன்றாக விளக்கியதுதான் வினை.

மூன்று வாரம் கழித்துக் காலையில் சாலம்மா போன் செய்தாள்.

"அக்கா, நீ என்னா சொல்லிட்டுப் போன? மூணு நாளா இவரு மாத்திரையைத் தொடறதில்ல."

"ஏன்?"

"காலி கிரேட்டு வராம லோடு ஏத்தறது தப்பாம். மாத்திரை லோடாம். இடம் அடைச்சுக்குமாம். வர்றவன் போறவனுக்கெல்லாம் பாடம் எடுக்கறாரு. கை காலு கட்டையாட்டம் ஆயிடுச்சு, வாயி மட்டும் நிக்கல."

இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது விளையாட்டில்லை, காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டர் பலமுறை சொன்னதைக் காதாரக் கேட்டவள் நான். அந்த நொடியே டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. என் வாயால் கெட்டதை என் வாயாலேயே சரிசெய்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் திரும்பிவிடலாம் என்று கிளம்பினேன். இதைப் படிக்கும்போது உங்களுக்கு என் மேல் கோபம் வந்தால் நல்லது.

நான் போய்ச் சேர்ந்தபோது மாதையன் உள்ளே நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் மரியாதைக்காரர் சும்மா இருப்பாரா? "வாங்க, வாங்க" என்று மெல்ல எழுந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக்கொண்டே வாசல் வரை வந்தார். நிலைப்படிக்கு நடுவில் வந்ததும் தரை காலைப் பிடித்துக்கொண்டது. இரண்டு கையாலும் நிலையைப் பிடித்தார், அவ்வளவுதான். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

அந்த வீட்டுக்கு அது ஒன்றுதான் வாசல். பின்பக்கக் கதவை மறைத்து அவர்களே உரமூட்டை அடுக்கியிருந்தார்கள். உள்ளே சாலம்மா, அடுப்பில் பால். வெளியே நான். நடுவில் மாதையன். ஒரு கோழி மட்டும் அவர் கால்களுக்கு நடுவே உள்ளே போயிற்று, வெளியே வந்தது, மறுபடி உள்ளே போயிற்று.

"வாங்க, உக்காருங்க" என்றார் மாதையன்.

"எங்க உக்கார்றது, உன் தோள் மேலயா?" என்று உள்ளிருந்து சாலம்மா.

அவர் தோளுக்கு மேலே எம்பிக்கொண்டு நான் ஆரம்பித்தேன். "அண்ணா, மாத்திரை லோடு இல்லீங்க. அது டீசல் மாதிரி."

அவர் யோசித்தார். உடம்பு அசையவில்லையே தவிர மூளை ஜோராக ஓடியது. "டீசல்னே வெச்சுக்கலாங்க. காலி கிரேட்டு இல்லாத வண்டிக்கு டீசல் போட்டா அது சும்மாத்தானே ஓடும்? வெட்டிச் செலவுதானுங்களே?"

"சரி, டீசல் வேணாம். டிரைவர்னு வெச்சுக்கங்க."

"டிரைவர் தெனமும் மூணு வேளை புதுசு புதுசாவா வருவாரு? வந்தவரு எங்க போறாரு? அவங்களும் திரும்பறதில்லையா?" அவர் குரலில் உண்மையான கவலை. "அப்ப உள்ள எத்தினி டிரைவருங்க நிக்கறாங்க?"

"அய்யோ சாமி, இவரு தலைக்குள்ள பஸ் ஸ்டாண்டே கட்டிட்டியேக்கா" என்றாள் சாலம்மா. பால் பொங்கி வழிந்த சத்தம் கேட்டது. கோழி வெளியே வந்தது.

நான் ரோடு என்றேன், அவர் மழையில் ரோடு அரித்தால் என்ன ஆகும் என்றார். மண்டி என்றேன், தரகர் யார் என்றார். கிரேட்டில் இருபது வருடம் புழங்கிய மனிதரிடம் கிரேட்டை வைத்து வாதாட முடியுமா? நான் ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க, மாத்திரை சாப்பிடாமல் இருக்க அவருக்குப் புதிது புதிதாகக் காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. இதற்கிடையில் அவருடைய போன் அடித்தது. சட்டைப் பையிலிருந்து நான்தான் எடுத்து அவர் காதில் வைத்தேன். பிக்கப் வண்டி ஓட்டும் பெருமாள், மண்டியிலிருந்து பேசினார். அவரிடம், "வந்துக்கிட்டே இருக்கேன்" என்றார் மாதையன், ஓர் அங்குலம் நகராமல்.

சிரிப்பு வந்தது எனக்கு. ஆனால் போனை எடுத்தபோது என் விரல் அவர் கழுத்தில் பட்டிருந்தது. சுட்டது. வெயிலா, காய்ச்சலா, எனக்குத் தெரியாது. தெரியாது என்பது தெரிந்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த மனிதரை நான் இங்கே நிற்க வைத்துக்கொண்டு உவமை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்போதுதான் டாக்டரைக் கூப்பிட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை. நான் என்ன சொன்னேன், அவர் எப்போது நிறுத்தினார், இப்போது எப்படி இருக்கிறார், எல்லாம். டாக்டர் திட்டவில்லை, அதற்கு நேரம் இல்லை. மனத்தெளிவு இருக்கிறதா, தண்ணீர் புரையேறாமல் விழுங்குகிறாரா என்று கேட்டார். சாலம்மா பின்னாலிருந்து கையை நீட்டிக் குடிக்க வைத்துப் பார்த்தாள், விழுங்கினார். வழக்கமான மாத்திரையை இப்போது கொடுங்கள், உடனே தர்மபுரிக்குக் கொண்டு வாருங்கள், இன்றைக்கே நான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். "அவர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்" என்றேன். "நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் நிறுத்தினார். உங்களிடம்தான் ஒத்துக்கொள்வார்" என்றார்.

போனை அணைக்காமல் மாதையன் எதிரில் வந்து நின்றேன்.

"அண்ணா, நான் சொன்னது தப்புங்க. உங்க தலைக்குள்ள கிரேட்டும் இல்ல, லாரியும் இல்ல, டிரைவரும் இல்ல. எனக்குச் சொல்லிக்குடுத்த பொண்ணு கிட்டத்தட்டன்னு சொல்லுச்சு. அந்த வார்த்தையை நான் பஸ்லயே வுட்டுட்டு வந்துட்டேன், உங்ககிட்ட சொல்லவே இல்ல. இன்னொண்ணு. அந்தக் கோளாறு சிலருக்குத்தான் வரும்னும் சொல்லுச்சு. உங்களுக்கு இருக்கான்னே இன்னும் தெரியாது. ரத்தம் இன்னும் ஆய்வகத்துலதான் இருக்கு. இருந்தாலும் மாத்திரையை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லல. மாத்திரை உள்ள போய் என்னா பண்ணுதுன்னு எனக்கு முழுசாத் தெரியாது. தெரிஞ்சவரு போன்ல இருக்காரு."

மாதையன் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நோய் வந்து இத்தனை வருடத்தில் முதல்முறையாகத் தனக்கு என்ன ஆகிறது என்று அவருக்குப் புரிந்திருந்தது. அதை நான் பிடுங்கிக்கொண்டேன்.

பிறகு போனைப் பார்த்துக் கேட்டார். "டாக்டருங்களே, ஒண்ணே ஒண்ணு. மாத்திரை போட்டா நடந்தேன். போடல, நிக்கறேன். அவ்வளவுதானுங்களா?"

"இன்றைக்கு அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

"இதைத்தானே மூணு நாளா நான் கத்தறேன்!" என்றாள் சாலம்மா. "நான் கிரேட்டு வெச்சுச் சொல்லல, அதான் ஏறல."

அந்த நேரம் பார்த்து பெருமாளின் பிக்கப் தோட்டத்துக்குள் திரும்பியது. மண்டியிலிருந்து காலி கிரேட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தது. நீல நிறத்தில், மலை மாதிரி. மாதையன் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு.

"காலி கிரேட்டு வந்துடுச்சுங்களே. இப்ப ஏத்தலாம்" என்று வாயைத் திறந்தார். சாலம்மா தோளுக்கு மேலாகக் கையை விட்டு மாத்திரையைப் போட்டாள்.

அடுத்த பிரச்சினை, அவரை வாசலிலிருந்து எடுப்பது. நானும் பெருமாளும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்கப் போனோம். சாலம்மா உள்ளிருந்து போட்ட சத்தத்தில் கோழி பறந்தது. "இழுக்காதீங்க, குப்புற வுழுந்துடுவாரு! வூட்டுக்குள்ளதான் இவரு இப்படி. தோட்டத்துல பாத்தி பாத்தியாத் தாண்டிப் போவாரு, மான் கணக்கா. அந்தத் தக்காளிக் குச்சியைக் கொண்டாந்து குறுக்கால போடுங்க!"

செடிக்கு ஊன்றும் குச்சிகள் கொல்லையில் குவிந்து கிடந்தன. வாசலிலிருந்து வண்டி வரை, பாத்தி இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் குறுக்கே வைத்தோம். ஏணியைத் தரையில் படுக்க வைத்தது போல இருந்தது. மாதையன் முதல் குச்சியைப் பார்த்தார். கால் எழுந்தது. தாண்டியது. இரண்டாவது, மூன்றாவது. பெருமாள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பின்னாலேயே சாலம்மா வெளியே வந்தாள், பால் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி, அவளும் ஒவ்வொரு குச்சியாகத் தாண்டிக்கொண்டு. ஏன் தாண்டுகிறாய் என்று கேட்டேன். "தெரியலக்கா, எல்லாரும் தாண்டறாங்க" என்றாள்.

குறுக்கே கோடு போட்டால் உறைந்த கால் நகரும் என்பது கையேட்டில் எட்டாம் பக்கத்தில் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தை நூறு தடவை படித்திருக்கிறேன். சாலம்மா ஒரு தடவையும் படித்ததில்லை. அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது அவளுக்குத்தான்.

அவரை முன்சீட்டில் உட்கார வைத்து, கிரேட்டுகளை இறக்கக்கூட நிற்காமல் தர்மபுரிக்குப் போனோம். வழியெல்லாம் பின்னால் காலி கிரேட்டுகள் தடதடவென்று அடித்துக்கொண்டு வந்தன. லேசான காய்ச்சல்தான், சமயத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். நான்கு நாளில் மாதையன் வீட்டுக்குத் திரும்பினார். அதன் பிறகு எந்த வீட்டிலும் விளக்கம் சொல்லி முடித்ததும் நான் எழுந்து வந்ததில்லை. "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க, கேக்கறேன்" என்று கேட்டு, அதன்படி அவர்கள் நாளைக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்பதையும் கேட்டுவிட்டுத்தான் காபியைக் குடிப்பேன். காபி ஆறிப்போகும். பரவாயில்லை.

சில மாதங்கள் கழித்து ரத்தத்தின் முடிவு வந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, அதை மாதையனிடம் விளக்க வேண்டும், கூட வாருங்கள் என்றார். வாசலில் குறுக்கே மஞ்சள் பெயிண்டில் கோடுகள் போட்டிருந்தார்கள். டாக்டரும் நானும் காலைத் தூக்கித் தூக்கி வைத்து உள்ளே போனோம். கோழி கோட்டை மதிக்கவில்லை.

நாங்கள் தேடிய அந்தக் கோளாறு அவருக்கு இல்லை என்று டாக்டர் சொன்னார். நோய் இருக்கிறது, மாத்திரை தொடர வேண்டும், காரணம் வேறெங்கோ இருக்கிறது, இன்னும் தெரியவில்லை.

மாதையன் முகம் வாடிவிட்டது. "அப்ப எனக்குக் கிரேட்டு சமாச்சாரமே இல்லீங்களா?"

"இல்லீங்க."

"நான் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேனே."

"சந்தைல நாலு பேரு இவருகிட்ட வந்து சந்தேகம் கேக்கறாங்க டாக்டரே" என்றாள் சாலம்மா. "இப்ப வேலை போச்சுன்னு சொல்லிடுங்க."

மாதையன் என் பக்கம் திரும்பினார். கை நடுங்கியது, ஆனால் குரல் வாத்தியார் குரல்.

"மாத்திரையை நான் விடலீங்க, அதுக்குப் பயப்படாதீங்க. காரணம் என்னான்னு தெரிஞ்ச அன்னிக்கு நீங்களே வந்து சொல்லுங்க. வேற ஏதாவது வெச்சுச் சொல்லுங்க, மஞ்சளோ மாங்காயோ. ஆனா அந்தப் பொண்ணு சொன்ன வார்த்தை ரெண்டையும் இந்தத் தடவை பஸ்ல வுட்டுட்டு வந்துடாதீங்க."

நான் ஓய்வு பெறும் வரை அந்தக் காரணம் தெரியவில்லை. அவருடைய கோப்பு இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. தெரிந்த அன்றைக்கு யாராவது ஒருவர் பஸ் ஏறி மாரண்டஹள்ளிக்குப் போய்ச் சொல்லுங்கள். வாசலில் மஞ்சள் கோடு இருக்கும், காலைத் தூக்கி வையுங்கள்.